தடித்த இருதயம்

மக்கள் யாக்கையில் ஓயாது உழைக்கும் உறுப்புக்களுள் இருதயம் தலையாயது. கண் இரவில் மூடுகின்றது. கை வேலை முடிந்தபின் தளர்ந்து கிடக்கின்றது. இருதயமோ தாயின் வயிற்றில் தொடங்கிய துடிப்பை இறுதி மூச்சளவும் விடுவதில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை அது சுருங்கி விரிகின்றது. இத்தகைய உழைப்பாளியின் தசை நாளடைவில் தடிக்குமாயின், அஃது அதன் வலிமைக்கு அடையாளமென்றே எவரும் முதலில் எண்ணுவர். சம்மட்டி பிடிக்கும் கொல்லனுடைய புயம் திரண்டிருத்தலைக் கண்டு வியவாதார் யார்? யாமும் இருதயத்தைப்பற்றி அவ்வாறே எண்ணியிருந்தோம். இலக்கியம் பயிலும் எம்மனோர்க்கு மருத்துவத்துறை புறம்பானதேயாயினும், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையேனும் பற்றியிருக்கும் நோயைக் குறித்ததாகலின், இரத்த அழுத்த மிகுதியால் இருதயத்தசை தடித்தலைப்பற்றி யாம் கற்றறிந்தவற்றை ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

இருதயம் நான்கு அறைகளையுடையது. கீழறைகள் இரண்டனுள் வலப்பக்கத்தது அண்மையிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைச் செலுத்துவது. இடப்பக்கத்தது தலைமுதல் கால்விரல்வரை உடலெங்கும் செலுத்துவது. வேலைக்குத் தக்கபடி இடக்கீழறையின் சுவர் வலப்பக்கத்ததைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனமுடையதாய், ஒரு சென்டிமீட்டரளவு தடித்திருக்கின்றது. இஃது இயற்கையளவு. உடற்குழாய்களில் அழுத்தம் மிகுந்து பல ஆண்டுகள் நிலைத்துவிடுமாயின், அச்சுவர் மேன்மேலும் தடித்து ஒன்றரைச் சென்டிமீட்டரையும் எட்டிவிடும். முந்நூறு கிராம் அளவினதாகிய இருதயம் ஐந்நூறு கிராமைக் கடந்துவிடுதலும் உண்டு.

அழுத்தமென்பது யாது? நம்மவர் இந்நோயை 'இரத்தக் கொதிப்பு' என வழங்குகின்றனர். தமிழ் மாணாக்கராகிய எமக்கு இப்பெயரிடத்துப் பெரியதொரு குறையுண்டு. கொதிப்பென்ற சொல்லைக் கேட்டவுடன் உலையிலிட்ட நீரும், சினத்தாற் சிவந்த முகமும் மனத்தில் தோன்றுகின்றன. ஆகவே சாந்த குணமுடைய ஒருவர், 'எனக்குக் கோபமே வருவதில்லை. கொதிப்பு எங்ஙனம் வரும்?' என்று கூறி மருத்துவரை நாடாது இருந்துவிடுகிறார். ஆங்கிலப் பெயரோ மனக்கலக்கத்தையே நோயென்று மயங்க இடந்தருகின்றது. உண்மையில் இரத்தம் கொதிப்பதுமில்லை. நோயாளிக்கு ஒன்றும் தெரிவதுமில்லை. குழாயினுள் ஓடும் இரத்தம் அதன் சுவரைத் தள்ளும் விசையே அழுத்தமாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சார்ந்த டாக்டர் கிரீன் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தபொழுது, ஒவ்வொரு சொல்லுக்கும் பட்ட பாட்டை இத்தகைய இடங்களில் நினையாதிருத்தல் இயலாது. நோய்க்குப் பெயரிடுதல் சிறு காரியமன்று.

இவ்விசையை முதன்முதல் அளந்து காட்டியவர் ஒரு போதகர் என்பது நம்மனோர்க்கு இன்பந்தரும் செய்தியாகும். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் குருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண்குதிரையின் தொடையிலுள்ள நாடியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழலொன்றை இணைத்து நிறுத்தினார். குருதி, இருதயத்தின் மட்டத்திற்குமேல் எட்டு அடிக்குச் சற்று மிகுதியாக ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்பிற்கும் ஏறியிறங்கிற்று. இதனை அவர் 1733-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். குதிரைக்குச் செய்ததை மனிதர்க்குச் செய்தல் கூடாதன்றோ? அதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்குமேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1896-இல் இத்தாலியராகிய ரிவா-ரொக்கி கையிற் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையையும் பாதரசக் கம்பத்தையும் அமைத்தார். 1905-இல் ருஷிய மருத்துவராகிய கொரொட்கோவ், அப்பட்டையின் கீழ் நாடியின்மேல் குழலை வைத்துக் கேட்டால் இரத்தத்தின் ஒலி எழுந்து மறைதலைக்கொண்டு மேலளவும் கீழளவும் கணிக்கலாமென்று கண்டார். 120-க்கு 80 என்று இன்று நாம் கூறும் எண்கள், இருதயம் சுருங்கும்பொழுதும் விரியும்பொழுதும் அப்பாதரசம் நிற்கும் மில்லிமீட்டர் அளவுகளே.

அளவுகோல் வருமுன்னரே தடிப்பைக் கண்டுவிட்டனர். லண்டன் மாநகரத்துக் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் என்பவர் மூத்திர நோயால் இறந்தோருடைய உடல்களை அறுத்துப் பார்த்து, நூறு பேரைப்பற்றிய செய்திகளை 1836-இல் வெளியிட்டார். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டவர்க்கு இருதயம் தடித்திருந்தது. அவ்வாறு தடித்திருந்தோருள்ளும் பலருக்கு இருதயக் கதவுகளில் யாதொரு குற்றமுமில்லை. கதவு கெட்டால் தசை தடிக்கும் என்பது முன்னரே தெரிந்தது. கதவு நன்றாயிருக்கவும் தடித்தது ஏன்? நோயால் மாறுபட்ட இரத்தம் நுண்குழாய்களின் வழியே செல்லமாட்டாது தடைப்படுகின்றது போலும், அத்தடையை மேற்கொள்ள இருதயம் கடிதின் உழைக்கின்றது போலும் என்று பிரைட் ஊகித்தார். அதே மருத்துவமனையில் 1870-ஆம் ஆண்டுகளில் பிரெடரிக் அக்பர் மகமது என்னும் இளைஞர் நாடித்துடிப்பைக் கோடாக வரையும் கருவியைத் திருத்தி, மூத்திர நோயே இல்லாதவரிடத்தும் அழுத்த மிகுதியுண்டு, அது முன்னே தோன்றிச் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பின்னே கெடுக்கின்றது என்று நிறுவினார். இவர் பாட்னாவிலிருந்து இங்கிலாந்து சென்று குடியேறிய தீன் மகமது என்பாரின் பேரர். முப்பத்தைந்து வயதில், 1884-இல், டைபாய்டு சுரத்தால் மாண்டார். இன்னும் முப்பதாண்டு இருந்திருப்பாராயின் இந்நோயின் வரலாறு வேறாகியிருக்கும் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இது நிற்க. நோய் அறியப்பட்டும் அதன் கொடுமை அறியப்படாதிருந்த காலத்தில் அது யாது செய்ததென்பதற்கு, உலகறிந்த ஒருவருடைய வரலாற்றினும் சிறந்த சான்றில்லை. அவர் ஐக்கிய அமெரிக்க நாட்டின் தலைவராயிருந்த பிராங்கிளின் ரூஸ்வெல்ட். 1935-இல் அவருடைய அழுத்தம் 136-க்கு 78. 1937-இல் 162-க்கு 98. 1941-இல் 188-க்கு 105. படிப்படியாக ஏறிவரும் இவ்வெண்கள் இன்று ஒரு நர்ஸின் கண்ணிற் பட்டாலும் அவர் நடுங்குவார். அக்காலத்து வைத்தியர் பலர் அவ்வாறு நடுங்கவில்லை. வயது ஏற அழுத்தமும் ஏறுதல் இயல்பென்றும், இறுகிய குழாய்களின் வழியே இரத்தத்தைச் செலுத்த அவ்வேற்றம் வேண்டப்படுவதே என்றும், அதனைக் குறைத்தல் தீங்காமென்றும் கருதியவர் உண்டு. தலைவரின் சொந்த மருத்துவராகிய மக்கின்டயர் காது மூக்குத் தொண்டை நோய்களில் வல்லவர், இருதயத்தில் அல்லர்.

1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், தந்தையின் சோர்வைக் கண்டு வருந்திய மகள் ஆன்னா வற்புறுத்த, பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்டு புரூயன் என்னும் இருதய வைத்தியர் அவரைச் சோதித்தார். அழுத்தம் 186-க்கு 108. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிறிது அசைந்தாலும் மூச்சு முட்டிற்று. எக்ஸ்-ரே படத்தில் இருதயத்தின் நிழல் பெருத்துக் காணப்பட்டது. பல்லாண்டு சுமந்த பாரத்தால் இருதயம் தடித்துப் பெருத்து, இப்பொழுது தோல்வியுறத் தொடங்கிவிட்டதென்று புரூயன் தெளிந்தார். அவரிடமிருந்த மருந்தோ டிஜிடாலிஸ் இலைச்சத்து; அஃது இருதயத்தின் தளர்ச்சியைச் சிறிது தாங்குமன்றி அழுத்தத்தைத் தாழ்த்தாது. உப்பைக் குறைத்தார், சிகரெட்டைக் குறைத்தார், ஓய்வு விதித்தார். மூச்சுத் திணறல் தணிந்தது. அழுத்தம் தணியவில்லை. வியப்பாவது, நோயாளி தமக்கு என்ன நோயென்று ஒருமுறையேனும் வினவவில்லை என்று புரூயன் பிற்காலத்தில் எழுதியிருப்பதே. குடிமக்களுக்கும் ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் நான்காம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1945 பெப்ருவரியில் யால்டா மகாநாட்டிற்கும் சென்று மீண்டார். ஏப்ரல் 12-ஆம் நாள், ஜார்ஜியா நாட்டு வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் ஓவியர் ஒருவர் தம்மை எழுதுமாறு அமர்ந்திருந்தவர், தலையின் பின்புறத்தே கடிய வலியென்று கூறி அறிவிழந்து சாய்ந்தார். அப்பொழுது அளந்த அழுத்தம் 300-ஐ எட்டியிருந்தது. சில மணி நேரத்துள் மூளையில் இரத்தம் பாய்ந்து உயிர் நீங்கினார். வயது அறுபத்துமூன்று. புரூயன் இவற்றையெல்லாம் 1970-இல் தான் வெளியிட்டார்.

இருதயம் தடித்தவர் மூளை நோயால் இறந்தது எங்ஙனம் என்று ஐயுறுவார்க்கு விடையாவது: இருதயத்தைத் தடிக்கச் செய்த அழுத்தமே மூளையின் நுண்குழாய்களையும் நாளடைவிற் கெடுத்தது. தடிப்பு ஒரு தீங்கு. மற்றைத் தீங்குகளுக்குச் சாட்சியுமாம்.

இனித் தடிப்பு உண்டாம் முறையைச் சிறிது ஆராய்வோம். வளைந்த சுவரொன்றின்மீது உண்டாகும் இழுவிசை, உள்ளேயுள்ள அழுத்தமும் அறையின் அகலமும் மிகுந்தால் மிகும். சுவரின் கனம் மிகுந்தால் குறையும். பிரெஞ்சுக் கணிதவாணராகிய லாப்பிளாஸின் பெயரால் வழங்கும் விதி இது. சைக்கிள் டியூபின் மெலிந்த இடம் முதலில் வீங்குவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். அழுத்தம் ஏறியபொழுது இருதயம் தன் சுவரைத் தடிப்பித்து அவ்விழுவிசையைப் பழைய அளவிற்குக் கொணர்கின்றது. எனவே, தொடக்கத்தில் அது தற்காப்பே. முதிர்ந்த இருதயத்தின் தசையணுக்கள் பெரும்பாலும் பெருகுவதில்லை. உள்ள அணுக்களே பக்கவாட்டிற் பருக்கின்றன. ஓர் ஊரில் ஆட்கள் மிகாமல் ஒவ்வொருவரும் பருத்தால் எப்படியோ அப்படி. ஆனால், அவர்க்குச் சோறிடும் நுண்குழாய்கள் அவ்வளவிற்குப் பெருகுவதில்லை. உண்பவன் பெருத்தான், உலை பெருக்கவில்லை.

கொல்லனுடைய புயத்திற்கும் இதற்கும் வேற்றுமை இங்கே தொடங்குகின்றது. கொல்லன் மாலையில் சம்மட்டியைக் கீழே வைக்கிறான். அழுத்தம் மிகுந்தோனுடைய இருதயம் உறக்கத்திலும் சம்மட்டியைக் கீழே வைப்பதில்லை. இதற்கொரு சிறு விலக்குண்டு. நெடுந்தூரம் ஓடியும் நீந்தியும் பயிலும் வீரர்களின் இருதயமும் பருக்கின்றது. ஆயின் அஃது அறையும் சுவரும் ஒத்து வளர்ந்து, மென்மை குன்றாது, பயிற்சி விட்டபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். நம் கல்லூரி ஓட்டக்காரர் இக்கட்டுரையைக் கண்டு அஞ்சவேண்டா.

அழுத்தத்தால் தடித்த சுவரிலோ தசைக்கு இடையிடையே நார் படர்கின்றது. நார் படர்ந்த சுவர் இறுகி விரைத்துவிடுகின்றது. பார்வோனுடைய இருதயம் கடினப்பட்டதை வேதத்தில் உவமையாகவே படித்த நாம், பிணத்தை அறுத்துப் பார்க்கும் மாணாக்கர் கையால் தொட்டே அக்கடினத்தை உணர்கின்றனர் என்று கேட்கும்பொழுது சற்றுத் திகைக்கின்றோம். விரைத்த அறை எளிதில் விரியாது, விரியாதது நிரம்பாது. அதன் மேலுள்ள இடமேலறை இரத்தத்தை வலிந்து தள்ளித் தள்ளித் தானும் அகன்று, முடிவில் ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கும். நடுங்கும் அறையில் தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகி, அக்கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். நுரையீரலிற் பின்னோக்கித் தேங்கினால் மூச்சுத்திணறல். இடக்கீழறையின் தசைக்கு உணவூட்டும் இரத்தம் பெரும்பாலும் அவ்வறை தளர்ந்திருக்கும் நொடியிலேயே அதனுட் பாய்கின்றது. தசை தளர மறுத்தால் அப்பாய்ச்சலும் குன்றும். குழாய்களில் அடைப்பே இல்லாதிருந்தும் சிலர்க்கு நெஞ்சுவலி தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணமென்ப. இன்னும், நாரிடைப்பட்ட தசையில் மின்னோட்டம் நேரே செல்லாது சுற்றிச் சுழன்று, துடிப்பைத் திடீரெனக் குலைத்து உயிரைப் போக்குதலும் உண்டு. இவ்வளவும் நிகழுமுன் பத்தாண்டோ இருபதாண்டோ நோயாளி ஒரு நோவும் அறியாமல் சந்தைக்குப் போய் வருகிறார்.

ரூஸ்வெல்ட் இறந்த நாளில் துணைத்தலைவராயிருந்து அவருக்குப்பின் தலைவரான ட்ரூமன், 1948-ஆம் ஆண்டில் தேசிய இருதயச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அவ்வாண்டே மாசச்சூசெட்ஸ் நாட்டுப் பிரேமிங்காம் என்னும் சிற்றூரில் 5,209 ஆடவர் பெண்டிரைச் சேர்த்துக்கொண்டு, இருதய நோய் யாரிடத்து ஏன் தோன்றுகின்றதென்று ஈராண்டுக்கொருமுறை பின்பற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி தொடங்கிற்று. அது அவர்தம் மக்களையும் பேரரையும் சேர்த்துக்கொண்டு இன்றும் நடைபெறுகின்றது. இருதயத்தின் மின்னோட்டத்தை வரையும் இ.சி.ஜி. படத்தில் தடிப்பின் அடையாளம் கண்டோர்க்கு மரணமும் பக்கவாதமும் பன்மடங்கு மிகுதலை அவ்வூர் மக்களே முதலில் உலகிற்குக் காட்டினர். ஆயினும் இ.சி.ஜி. பல தடிப்புக்களைத் தவற விட்டுவிடும். 1953-இல் சுவீடன் நாட்டு லூண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும், செவிக்கு எட்டாத ஒலியலைகளை மார்பினுட் செலுத்தி அவற்றின் எதிரொலியால் இருதயத்தைக் காணும் வழியைத் தொடங்கினர். இன்று எல்லோரும் 'எக்கோ' என்று கூறுவது அதுவே. அறுத்த பிணத்திற் பிரைட் கண்டதை உயிருள்ளவரிடத்தே மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்க இதனால் இயன்றது.

அக்கருவியைக்கொண்டு பிரேமிங்காமில் நாற்பது வயதும் அதற்கு மேலுமுள்ளவராய், வெளிப்படையான இருதய நோய் இல்லாத 3,220 பேரை அளந்து, நான்காண்டு பின்பற்றிய செய்தி 1990-இல் வெளிவந்தது. யாம் படித்தவற்றுள் எம்மை மிக நிறுத்திவைத்தது இதுவே. உயரத்தில் மீட்டர் ஒன்றுக்கு ஐம்பது கிராம் வீதம் இடக்கீழறையின் எடை மிகுந்தால், இருதய நோயும் குழாய் நோயும் வரும் அபாயம் ஆடவர்க்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. பெண்டிர்க்கு அதனினும் சிறிது மிகுதி. வயது, அழுத்தம், புகைபிடித்தல் முதலியவற்றின் பங்கைக் கணக்கிட்டு ஒதுக்கிய பின்னும் அப்படி. இதன் பொருளென்னை? கையிற் பட்டை சுற்றிப் பார்க்கும் எண் அந்நொடிக்குரியது. நடந்து வந்தால் ஏறும், அமர்ந்திருந்தால் இறங்கும், டாக்டரின் முகத்தைக் கண்டால் சிலர்க்கு ஏறும். இருதயத்தின் தடிப்போ, பல்லாண்டுகளாக இரவும் பகலும் சுமந்த பாரத்தையெல்லாம் எழுதிவைத்த கணக்கேடு. அன்றாட வரவைப் பார்ப்பவனினும் ஏட்டைப் புரட்டுபவன் மிகுதியாய் அறிவானன்றோ?

அவ்வேட்டிலுள்ளதை அழிக்கலாகுமா என்பதே எஞ்சிய வினா. ரூஸ்வெல்ட் நோயுற்றிருந்த அதே 1944-ஆம் ஆண்டில், வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்பவர் நோயாளிகளுக்கு உப்பில்லாத அரிசிச்சோறும் பழமும் சர்க்கரையுமே உணவாகக் கொடுத்த செய்தியை வெளியிடத் தொடங்கினார். பலருக்கு அழுத்தம் தாழ்ந்தது. எக்ஸ்-ரே படத்தில் பெருத்த இருதய நிழல் சுருங்கியும் காணப்பட்டது. சோறுண்ணும் நாட்டார் இதனைக் கேட்டு மகிழலாகாது. நோயைத் தாழ்த்தியது சோறன்று, உப்பின் இன்மையே பெரும்பாலும் என்க. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த நம் சோறு வேறு. உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்தவர்க்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென்கிறது. அது சிறு தேக்கரண்டி ஒன்று கொள்ளுமளவு. அந்நிறுவனமே 2021-இல், முப்பதுமுதல் எழுபத்தொன்பது வயதுவரையுள்ள மக்களுள் 128 கோடிப் பேர்க்கு அழுத்த மிகுதியுண்டென்றும், அவர்களுள் 46 விழுக்காட்டினர் தமக்கு அது உண்டென்பதையே அறியாரென்றும் கூறிற்று.

1958-இல் குளோரோதயசைடு என்னும் மருந்து கடைக்கு வந்தது. 1967-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் அழுத்தம் மிகக் கடுமையாயிருந்த 143 ஆடவரை இரு கூறாக்கி, ஒரு கூறார்க்கு மெய்ம்மருந்தும் மற்றவர்க்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். வெறும் மாத்திரை உண்டவர்க்கு நேர்ந்த பெருந்தீங்குகள் மற்றவர்க்கு நேர்ந்தவற்றினும் பன்மடங்காயினமையால், குறித்த காலத்திற்கு முன்னரே அச்சோதனையை நிறுத்திவிட்டனர். அழுத்தத்தைக் குறைத்தல் தீங்கென்ற பழைய கொள்கை அன்றோடு வீழ்ந்தது.

தடிப்பைப்பற்றியே நேரில் வினவிய சோதனை 2002-இல் வெளியாயிற்று. அழுத்த மிகுதியும், இ.சி.ஜி.யில் தடிப்பும் உடைய 9,193 பேரில் ஒரு பாதியர்க்கு லோசார்ட்டன், மறுபாதியர்க்கு அட்டெனலால் என்னும் மருந்து கொடுத்தனர். இரு கூற்றிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒத்தே தாழ்ந்தது. எனினும் லோசார்ட்டன் உண்டோரிடத்துத் தடிப்பு மிகுதியாய்க் குறைந்தது. பக்கவாதம் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் குறைந்தது. எம்மருந்தாயினும் ஆகுக, சிகிச்சையிலிருக்கையில் எவர்க்குத் தடிப்பு சுருங்கிற்றோ அவர்க்கு மரணமும் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன என்று அம்மக்களையே மேலும் ஆராய்ந்து 2004-இல் எழுதினர். ஆகவே ஏடு முற்றும் அழியாததன்று. பருத்த தசையணுக்கள் சில திங்களிலேயே சுருங்கத் தொடங்குகின்றன. இடையிற் படர்ந்த நாரோ மிகத் தாமதமாகவே கரைகின்றது, சிலர்க்குக் கரையாமலும் நின்றுவிடுகின்றது. 1935-இல் 136 ஆயிருந்த எண் 1937-இல் 162 ஆயிற்றே, அந்த இரண்டாண்டில் ரூஸ்வெல்ட்டின் இருதயத்தில் நார் எவ்வளவு படர்ந்திருந்தது என்று பார்க்க அன்று ஒலியலைப் படமும் இல்லை, பார்க்க வேண்டுமென்று எண்ணியவரும் இல்லை.